பேட்டரியம்மாவின் ஏழு வாரங்கள்

பேட்டரியம்மாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளோடு வேலை பார்த்தவர்கள். முப்பத்தோரு வருடம் அங்கே பேட்டரி அறை அவள் பொறுப்பில் இருந்தது. ஊரில் மின்சாரம் போனாலும் போன் போகக் கூடாது. அதற்காக இடுப்பு உயரத்துக்குப் பெரிய பெரிய செல்கள் வரிசையாக எப்போதும் தயாராக நிற்கும். அமில வாடை அடிக்கும் அந்த அறைக்குள் வேறு யாரும் வருவதில்லை. தப்பித் தவறி வந்தாலும் எதையும் தொட முடியாது, சத்தமாகப் பேச முடியாது, சாய்ந்து நிற்கக்கூட முடியாது. மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, அவளுக்கு அதற்கும் ஒரு சாண் மேலே வரும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒன்று நடந்தது. வயதாகித் தளர்ந்துபோன ஒரு வரிசையைச் சீராக்க வேண்டியிருந்தது. உள்ளே இருக்கும் மின்சாரத்தை முழுக்க இறக்க வேண்டும், பிறகு மெதுவாக முழுக்க ஏற்ற வேண்டும். இப்படி மூன்று தடவை செய்தால்தான் செல்லின் உண்மையான தெம்பு தெரியும். மேலதிகாரி அவசரப்படுத்தினார் என்று அவள் ஒரே தடவையில் நிறுத்திச் சேர்த்துவிட்டாள். அந்த வாரமே மழையில் மின்சாரம் போய், இருபது நிமிடத்தில் வரிசை படுத்துவிட்டது. நான்கு மணி நேரம் ஊரின் போன்களெல்லாம் ஊமையாகக் கிடந்தன. அவசரப்படுத்தியவர் "நானா சொன்னேன்?" என்று கையைக் கழுவிக்கொண்டார். விளக்கக் கடிதம் எழுதியது இவள்தான். அதன் பிறகு அவள் கைக்கு வந்த எந்த செல்லும் மூன்று தடவை முடியாமல் வெளியே போனதில்லை. "பதறாத காரியம் சிதறாது" என்று ஒரு அட்டையில் எழுதி அறைக் கதவில் ஒட்டினாள். ஓய்வு பெற்ற அன்று அந்த அட்டையை மட்டும் உரித்து வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

இப்படிப்பட்டவளை ஒருவர் ஆசைப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டார் என்பதுதான் எக்ஸ்சேஞ்சில் பல வருடம் ஓடிய பேச்சு. அவர் டாக்ஸி டிரைவர். மாலை ஷிப்ட் முடிந்த பெண்களை வீட்டில் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. முதல் நாளே இவள் வண்டியில் ஏறியதும், பேட்டரி முனை தளர்ந்திருக்கிறது, சத்தத்திலேயே தெரிகிறது, பெண்களை ஏற்றிக்கொண்டு இப்படியா வருவது என்று பொரிந்து தள்ளினாள். மறுநாள் அவர் முனையை இறுக்கியதோடு நிற்காமல், வண்டி மூடியைத் திறந்து காட்டி, சரியாக இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பட்டுவிடுவதால் தனக்கு மிச்சம் எதுவும் இல்லை என்பார்.

பதின்மூன்று வருடத்துக்கு முன் அவர் ஒரு ஹைபிரிட் வண்டியை வாங்கினார். பெட்ரோல் எஞ்சினும் இருக்கும், பின் சீட்டுக்குப் பின்னால் பெரிய பேட்டரியும் இருக்கும். மெதுவாகப் போகும்போது எஞ்சின் தானே அணைந்து, பேட்டரியிலேயே வண்டி ஓடும். டயர் தரையில் உருளும் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. கல்யாணத்தில் கிடைக்காத அமைதி இந்த வண்டியில் கிடைத்தது என்று வருகிற பயணிகளிடமெல்லாம் சொல்வார். அவளையும் அதில்தான் ஓட்டப் பழக்கினார். அவள் திட்டத் திட்ட அவர் சிரித்துக்கொண்டே பழக்கியதைத் தெரு முழுக்கப் பார்த்தது.

அவருக்கு மறதி வந்தது இரண்டு வருடத்துக்கு முன். முதலில் போய்ப் பழகிய தெருக்கள் மறந்தன. பிறகு வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். பிறகு வீடே மறந்தது. சாயங்காலம் ஐந்து மணியானால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. வீட்டுக்குள் நின்றுகொண்டே வீட்டுக்குப் போக வேண்டும் என்பார். கதவைத் தட்டுவார், அழுவார். அவளைப் பார்த்து, "ஏம்மா, நீங்க யாரு?" என்று கேட்பார்.

வண்டியில் உட்கார வைத்தால் மட்டும் மாறிவிடுவார். இதை அவள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தாள். ஒரு நாள் வேறு வழி தெரியாமல் முன் சீட்டில் உட்கார வைத்துத் தெருவைச் சுற்றிவந்தாள். எஞ்சின் அணைந்து வண்டி சத்தமில்லாமல் உருண்டதும் அவர் தோள் தளர்ந்தது. பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டும்போது திரும்பி அவளைப் பார்த்து, "ஏய் பேட்டரி, பிரேக்கை ஏன் இப்படி மிதிக்கிற? அது என்ன பண்ணுச்சு உன்னை?" என்றார். அவள் வண்டியை ஓரம்கட்டிவிட்டு அழுதாள். ஏன் அழுகிறாய் என்று அவர் கேட்டதற்கு, கண்ணில் தூசி என்றாள்.

அன்றிலிருந்து தினம் ஐந்து மணிக்கு வண்டி கிளம்பியது. ஒரு நாளில் முக்கால் மணி நேரம் அவளுக்குப் புருஷன் கிடைத்தார். மற்ற இருபத்து மூன்றேகால் மணி நேரமும் அவள் அந்த முக்கால் மணிக்காகவே சமைத்தாள், குளிப்பாட்டினாள், திட்டாமல் இருந்தாள். அவளைப் போன்றவள் திட்டாமல் இருந்தாள் என்றால், அந்த முக்கால் மணியின் அருமை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம்.

பேட்டரி தளர ஆரம்பித்தது ஒரு கோடையில். முகப்பில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. எஞ்சின் அணைய மறுத்து நின்ற இடத்திலும் உறுமியது. பின்னால் பேட்டரியைக் குளிர வைக்கும் காற்றாடி ஓயாமல் இரைந்தது. அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வண்டி சரியில்லை, இறங்கு இறங்கு என்று கத்தினார். அவள் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓடும் வண்டியில் கதவைத் திறந்துவிட்டார். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் காலர் கிழிந்தது, ஆள் தப்பினார். மகள் தன் காரைக் கொண்டுவந்து பார்த்தாள். "எவன் வண்டி இது?" என்று அவர் ஏறவே மறுத்துவிட்டார்.

புதுப் பேட்டரி வண்டியின் விலையையே கேட்கும். மகள் ஒரு கடையை விசாரித்து வந்தாள். அங்கே ஒரே நாளில் சரி செய்து தருவார்களாம். பேட்டரியம்மா போன் போட்டு நான்கு கேள்வி கேட்டதிலேயே கடைக்காரர் திணறிவிட்டார். செத்த செல்லை மட்டும் எடுத்துவிட்டு வேறு ஒன்றைச் சொருகுவார்கள், மற்றவற்றைத் தொட மாட்டார்கள், ஆறு மாதத்தில் அடுத்தது சாகும், அதற்குப் பெயர் வேலை அல்ல, ஒட்டுப்போடுவது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு ரப்பர் கையுறையைத் தேடி எடுத்தாள்.

அவளுக்கு வேலை தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புப் பிடியை உருவிவிட்டு, கால் மணி நேரம் எதையும் தொடாமல் காத்திருந்தாள். பின் சீட்டைக் கழற்றி, மாப்பிள்ளையின் உதவியோடு பேட்டரிப் பெட்டியைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். உள்ளே கனத்த புத்தகங்களை அடுக்கினாற்போல் இருபத்தெட்டு சாம்பல் நிறக் கட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயின்டால் எண் போட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்லைட் பல்பை எரியவிட்டு, வோல்ட் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கோடு போட்ட நோட்டில் எழுதினாள். மூன்று கட்டைகள் பல்பைப் பார்த்ததுமே மூச்சை விட்டுவிட்டன. மற்ற இருபத்தைந்தும் தளர்ந்திருந்தாலும் உயிரோடு இருந்தன.

"பேட்டரிக்கும் மாமாவுக்கும் ஒரே வியாதி போல அத்தை" என்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று மாப்பிள்ளைக்குக் காபி கிடைக்கவில்லை.

சார்ஜர் இரண்டு வாங்கினாள். ஒரு நாளைக்கு இரண்டு கட்டைதான் இறக்கி ஏற்ற முடியும். ஏற்றும்போது உப்பிவிடாமல் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து இறுக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லாமல் விடக் கூடாது. அப்படிப் பார்த்தால் ஒரு தடவைக்குப் பதினான்கு நாள், மூன்று தடவைக்கு ஆறு வாரம். மகள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, அவ்வளவு நாளா என்று கேட்டாள். அவ்வளவு நாள்தான் என்றாள் அம்மா.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே போயிற்று. அவர் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்துகொள்வார். கட்டைகளை இணைக்கும் செம்புப் பட்டைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டு அவற்றைத் தேய்க்கும் வேலையை அவருக்குக் கொடுத்தாள். ஒன்றைத் தேய்த்து முடித்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "நம்ம வண்டிதானே?" என்பார். ஆமாம் என்றால் திருப்தியாக அடுத்ததை எடுப்பார். ஐந்து மணியானால் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நிற்பார்.

"போலாமா?"

"இன்னும் கொஞ்ச நாளுங்க."

அவர் தலையாட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றுவார். பத்து நிமிடம் கழித்து மறுபடி மாட்டிக்கொண்டு வருவார். சில நாள் ஆறு முறை, சில நாள் பத்து முறை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் அழவில்லை, கதவைத் தட்டவில்லை. மேசையில் கிடப்பது தன் வண்டி என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அது சரியாகும் என்று காத்திருந்தார். அவள் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் அதே பதிலைச் சொன்னாள்.

முதல் தடவை முடிந்தபோது அந்த இருபத்தைந்தும் நல்லபடியாகத் தேறியிருந்தன. செத்த மூன்றுக்குப் பதிலாகப் பழைய வண்டி உடைக்கும் கடையிலிருந்து மூன்று வாங்கி வந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. மகள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் நல்லாத்தானேம்மா வந்திருக்கு? இப்பவே சேத்துடலாமே. அப்பா தினம் செருப்ப மாட்டிக்கிட்டு நிக்கிறாரு."

"முதல் தடவ காட்டுற எண்ணு பொய் சொல்லும்."

"ஒரு மாசம் ஓடினாக்கூடப் போதும்மா. ஆறின கஞ்சி பழங்கஞ்சி."

"அரைகுறையா சேத்து நடுரோட்டுல மறுபடி உறும ஆரம்பிச்சா? கதவத் திறந்து குதிச்சார்னா நீ வந்து பதில் சொல்வியா?"

மகள் நோட்டை மூடி வைத்தாள். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. இந்தக் கதையில் கொடுமையே அதுதான், அவள் செய்த எல்லாவற்றிலும் நியாயம் இருந்தது.

புதிதாக வந்த மூன்றும் தங்கள் மூன்று தடவையை முடிக்க ஆறு நாள் தனியாகப் பிடித்தன. பிறகு இரண்டாம் தடவை தொடங்கியது. அதன் முதல் வாரத்தில் ஒரு நாள் அவர் செம்புப் பட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்னது?" என்று கேட்டார். வண்டிப் பட்டைங்க என்றாள், தலையை நிமிர்த்தாமல். எந்த வண்டி என்று கேட்டார். அவள் அப்போது ஒரு கட்டையின் வோல்ட்டை எழுதிக்கொண்டிருந்தாள். பதில் சொன்னாளா இல்லையா என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

அடுத்த சில நாளில் செருப்பு மாட்டுவது ஐந்து முறையாக, மூன்று முறையாகக் குறைந்தது. பிறகு ஒருநாள் ஐந்து மணிக்கு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே இருந்தார். எழுந்திருக்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. அன்று அவள் இரண்டு கட்டைகளையும் கொஞ்சம் சீக்கிரமாகவே முடித்துவிட்டாள். நோட்டில் குறிப்பு எழுதும் கட்டத்தில், "இன்று தொந்தரவு இல்லை. வேலை ஒழுங்காக நடந்தது" என்று எழுதினாள். எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் எழுதிய கை, தன்னால் எழுதிவிட்டது. அன்று அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை அவள் பிறகு மன்னிக்கவே இல்லை.

மூன்றாம் தடவை தொடங்கியது. முதல் பத்துக் கட்டைகளிலேயே தெரிந்துவிட்டது. எண்கள் இரண்டாம் தடவையின் எண்களேதான். ஏறவில்லை, இறங்கவில்லை. வேலை தெரிந்தவளுக்கு அங்கேயே நிறுத்த அது போதும். அவளும் மீட்டரை வைத்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு பதினோராவது கட்டையைப் பலகைக்கு நடுவில் வைத்து இறுக்கினாள். மூன்று என்றால் மூன்று. பதறாத காரியம் சிதறாது என்று எழுதி ஒட்டியவளுக்கு, பதறாததாலேயே சிதறிப்போகும் காரியமும் உண்டு என்று யார் போய்ச் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் சமையலறையில் வந்து நின்றாள். அப்பா தன்னைப் பார்த்து, நீங்கள் நர்ஸா என்று கேட்டதாகச் சொன்னாள். அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, வண்டியில் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்றாள். இன்னும் ஒன்பது நாள்தான் என்றாள். மகள் ஒரு தட்டை எடுத்துத் துடைத்தாள்.

ஏழு வாரம் முடிந்தது. நல்ல தெம்புள்ளதையும் சற்று குறைந்ததையும் பார்த்துப் பார்த்து அடுக்கினாள். எல்லாம் ஒரே அளவுக்கு வர ஒரு நாள் ஒன்றாக இணைத்து வைத்தாள். அவர் தேய்த்துப் பளபளக்க வைத்த பட்டைகளைப் பூட்டி, ஒவ்வொரு மரையையும் அளவாக இறுக்கினாள். காற்றாடியில் பதின்மூன்று வருடத் தூசி பஞ்சுபோல அடைத்திருந்தது, அதையும் எடுத்துச் சுத்தம் செய்தாள். மாப்பிள்ளை வந்து பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார். ஆரஞ்சுப் பிடியைச் சொருகிப் பொத்தானை அழுத்தினாள். முகப்பில் பச்சை விளக்கு வந்தது. சிவப்பு முக்கோணம் வரவில்லை.

முதலில் தனியாகத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தாள். எஞ்சின் அணைந்தது. வண்டி தண்ணீரில் போவதுபோல் போயிற்று. பக்கத்து வீட்டுக் கிளி கூண்டுக்குள் பேசுவதுகூடக் கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

மணி ஐந்தாகக் கால் மணி நேரம் இருந்தது. உள்ளே போய் அவருக்குச் சட்டை மாற்றி, தலை வாரி, செருப்பை மாட்டிவிட்டாள். அவர் காலை நீட்டினார். வெளியே கூட்டி வந்து முன் கதவைத் திறந்து பிடித்தாள். அவர் அதைக் கவனிக்காமல் பின் கதவைத் தானே திறந்து, பின் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். இத்தனை வருடமாக முன்பின் தெரியாத பயணிகள் அவர் வண்டியில் உட்கார்ந்த விதம் அது.

பரவாயில்லை, கொஞ்ச தூரம் போனால் வந்துவிடுவார் என்று அவள் நினைத்தாள். அதே வழியில், அதே வேகத்தில் போனாள். பள்ளிக்கூடச் சுவர் வந்தது. எஞ்சின் ஒருமுறைகூட எழவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். அவர் அமைதியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தாள். அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. மைதானத்தை ஒட்டிய வளைவில்தான் வாயைத் திறந்தார்.

"வண்டிய நல்லா வச்சிருக்கீங்கம்மா. சத்தமே இல்ல."

"உங்க வண்டிதாங்க இது. நீங்க ஓட்டினது."

அவர் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு முன் சீட்டின் பக்கம் கொஞ்சம் குனிந்து, இருட்டுவதற்குள் வீட்டில் விட்டுவிட முடியுமா என்று கேட்டார். அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுல யாரு தேடுவாங்க?"

"என் வீட்டுக்காரி இருக்கா. ஆனா அவ தேடமாட்டா, பாவம், வேல ஜாஸ்தி. ரொம்ப நாளா ஏதோ வேலையில இருக்கா. நானும் தினம் போய்க் கூப்பிட்டுப் பாத்தேன். இன்னும் கொஞ்ச நாளுன்னா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அப்புறம் கூப்பிடறத விட்டுட்டேன். எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

வண்டி உருண்டுகொண்டிருந்தது. அந்தச் சத்தமின்மையில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தால் பாதியாவது காதில் விழாமல் போயிருக்கும். "நான்தாங்க அது" என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. தன்னைக் கொண்டுபோய் விடும் பெண்ணிடம் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டோமே என்ற சிறு கூச்சம் மட்டும்தான் அதில் இருந்தது. அவள் வண்டியைத் திருப்பினாள்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவர் தானே இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார். பிறகு ஓட்டுநர் பக்க ஜன்னலுக்கு வந்தார்.

"ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா. அவ வேல முடிஞ்சிருந்தா கூட்டிட்டு வரேன். இந்த வண்டியில ஒரு தடவ உக்காந்து பாக்கட்டும்."

சரிங்க என்றாள். அவர் உள்ளே போனார். அவள் சீட்டில் அசையாமல் இருந்தாள். முன்னறை விளக்கு எரிந்தது, பிறகு படுக்கையறை விளக்கு, பிறகு சமையலறை விளக்கு. ஒவ்வொரு அறையாக அவர் கூப்பிட்டுக்கொண்டு போவது கேட்டது. இறங்கி ஓடிப்போய் எதிரில் நின்றால் என்ன என்று தோன்றியது. நின்றால் அவர் என்ன கேட்பார் என்பதும் தெரிந்திருந்தது. அவள் காத்திருந்தாள்.

அவர் திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தார்.

"இல்லம்மா. இன்னும் வேல முடியல போல. நீங்க கிளம்புங்க."

வண்டி கிளம்புகிற வரை வழியனுப்ப அவர் வாசலிலேயே நின்றார். அவர் சுபாவம் அது. அதனால் அவள் கிளம்பித் தெருமுனை வரை போனாள்.